‘பைப் நல்லா போவுது’ என்று சொன்ன அப்பன்

சரவணா,

நீ புனேவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கடையில் ஒரு கூத்து நடந்தது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியவருவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. கல்லாவில் போட்டிருக்கும் நாற்காலியின் சக்கரம் கழன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. நின்று நின்று கால் வலித்ததால், உள்ளே வரிசையாக வைத்திருக்கிறோமே வெஸ்டர்ன் கம்மோடு, அதில் கடைசியாக இருப்பதன் மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். போனை எடுத்து நீ வாங்கியிருக்கும் பைப் கம்பெனியின் பங்கு விலையைப் பார்த்தேன். இன்னும் இறங்கியிருந்தது. முழங்கையைத் தொடையில் ஊன்றி, குனிந்து, முகத்தைச் சுருக்கி எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. பாத்ரூம் சாமான் பார்க்க ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் உள்ளே வந்திருக்கிறார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்து, “ஓனர் வேலையா கீறாரு, அப்பறமா வரலாம் வா” என்றார். நான் எழுந்து ஓடி விளக்கம் சொல்வதற்குள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே கம்மோடும் வாங்கினார்கள், வாஷ்பேசினும் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் நடித்தே காட்டினேன். முன்பென்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இப்போது, “அந்த போனைத் தூக்கி அதுக்குள்ளயே போட்டுத் தண்ணி ஊத்தியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். கையில் இருக்கும் பங்குகளை இந்த விலைக்கு விற்றுவிடலாமா, ஏறும் வரை வைத்திருக்கலாமா. போனில் கேட்டபோதெல்லாம் நான் “சாப்பிட்டியா”, “ரூம்ல தண்ணி வருதா” என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். நான் பத்தாவது பாஸ். பன்னிரண்டாவதில் கணக்கு என்னைப் பார்த்துச் சிரித்தது, நானும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எழுத்தில் எனக்கு வருவது ‘சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒரு வரிதான். ஆனாலும் உனக்கு எழுதத்தான் வேண்டும். உன்னைப் போலவே அப்பனைக் கேட்டுப் பணத்தைப் போட்ட பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களும் படித்தால் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் கம்மோடோடு தீர்ந்துவிட்டது.

நீ முதன்முதலில் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து கடை வாசலிலேயே இறங்கினாய். யூனிஃபார்ம்கூடக் கழற்றவில்லை. அதுவரை நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. டிப்ளமோவில் எந்தப் பாடம் எடுப்பது, எந்த பைக் வாங்குவது, எந்தக் கம்பெனியில் சேருவது, எல்லாவற்றுக்கும் உனக்கு சிநேகிதர்கள் இருந்தார்கள், போன் இருந்தது. நான் கையெழுத்துப் போட மட்டும் தேவைப்பட்டேன். அன்றைக்கு வந்து, கல்லா மேல் கையை வைத்துக்கொண்டு, “அப்பா, பைப்புல எந்த கம்பெனிப்பா நல்லா போவுது?” என்றாய். தொழிற்சாலையில் உங்கள் லைனில் வேலை செய்யும் பையன்கள் பங்கு வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள், வீடு கட்டும் சாமான் செய்கிற கம்பெனிகள் இனிமேல் ஏறும் என்று பேச்சு, அதில் எது நல்லது என்று கடைக்காரனுக்குத்தானே தெரியும் என்றாய். எனக்கு உள்ளே என்னவோ செய்தது. தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே நான் டீலராக இருக்கும் பைப் கம்பெனியின் லாரி நின்று லோடு இறக்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டிக் காட்டி, “இவன்தான். பாரு, ஒண்ணு எறங்கி முடியல, அடுத்தது வந்துடுது” என்றேன். நீ லாரியைப் போட்டோ எடுத்தாய். அந்தப் போட்டோ உங்கள் குரூப்பில் போய், கீழே ‘டீலர் அப்பாவே சொல்றாரு’ என்று நீ எழுதியதை உன் லைன் சிநேகிதன் சதீஷ் எனக்குப் பிறகு காட்டினான்.

லாரி வந்தது பொய் இல்லை. ஏன் வந்தது என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. அந்த வருஷம் கம்பெனி ஒரு ஸ்கீம் போட்டிருந்தது. இவ்வளவு லோடு எடுத்தால் டீலருக்கு பாங்காக் டூர் இனாம். நான் எடுத்தேன். வியாபாரம் இருந்ததா, கேட்டு வந்தார்களா என்றெல்லாம் பார்க்காமல் எடுத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் டீலர்களை எல்லாம் கூட்டி எனக்குச் சால்வை போட்டார்கள். மேடையில் ஏறும்போது படிக்கட்டுத் தடுக்கி, போர்த்த வந்த அதிகாரியின் மேலேயே சாய்ந்தேன். பாசம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். பாங்காக்கில் நான் பார்த்தது ஒரு ஓட்டல் அறை, ஒரு பெரிய புத்தர், பிறகு ஊறுகாய் பாக்கெட்டுக்காக டீலர்கள் போட்ட சண்டை. திரும்பி வந்து அந்தச் சால்வையைக் கடையில் கண்ணாடிக்குள் மாட்டினேன். நீ கேள்வி கேட்டபோது அது உன் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பரிசு கொடுத்தவனைப் பற்றி என்னிடமே கேட்டால் நான் என்ன சொல்வேன்? லஞ்சம் வாங்கிக்கொண்டு பொய் சொன்னேன் என்று நினைக்காதே. அதைவிட மோசம். சொன்னதை நானே நம்பினேன்.

நீ வாங்கிய பிறகு முதல் கொஞ்ச காலம் விலை ஏறியது. அந்த நாட்களில் நம் வீடே வேறு மாதிரி இருந்தது. நீ ஷிஃப்ட்டிலிருந்து வந்ததும் போனை என் முன்னால் நீட்டுவாய். நான் கண்ணாடியைத் தேடுவேன். உன் அம்மா இரண்டு பேரையும் பார்த்து, அப்பனும் பிள்ளையும் கூடிப் பேசுவதற்கு ஒரு கம்பெனி வேண்டியிருந்ததா என்பாள். உனக்குத் திவ்யாவை நிச்சயம் செய்தது அப்போதுதான். படப்பை தாண்டி, கலர்க் கொடி நட்ட லேஅவுட்டில் ஒரு மனைக்கு நீ அட்வான்ஸ் கொடுத்ததும் அப்போதுதான். திவ்யாவின் அப்பா மண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். டூட்டி முடித்து நேராக மனையைப் பார்க்க வந்தார். ஓரத்திலிருந்து ஓரம்வரை காலடியால் அளந்தார். பிறகு நடுவில் நின்று, “ரோடு கெழக்கால போவுது. நல்லாகீது சம்மந்தி” என்றார். நிச்சயத்துக்குக்கூட அந்த மனிதர் அவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை. மீதிப் பணத்தைக் கட்ட உனக்குத் தவணை இருந்தது. பணமும் தயாராக பேங்கில் இருந்தது.

அப்புறம் மார்க்கெட் மொத்தமாக இறங்க ஆரம்பித்தது. உலகத்தில் எங்கேயோ சண்டை, எங்கேயோ வட்டி, டிவியில் கோட்டுப் போட்டவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாப் பங்கும் இறங்கியது. வீடு கட்டும் சாமான் கம்பெனிகள் கூடுதலாக இறங்கின. நீ பயந்துபோய்க் கடைக்கு வந்தாய். விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம் என்பதுதான் உன் எண்ணம். அப்போது விற்றிருந்தால் கொஞ்ச நஷ்டத்தோடு போயிருக்கும். மனையும் கைக்கு வந்திருக்கும். உன்னைத் தடுத்தது நான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கட்டட வேலை ஆரம்பிக்க மாட்டார்கள். சிமெண்ட்டும் கம்பியும் விலை இறங்கும். அப்போது பயந்தவன் கடையை மூடிக்கொண்டு தூங்குவான். விவரம் தெரிந்தவன் கடன் வாங்கியாவது சரக்கு எடுத்து அடுக்குவான். தை பிறந்ததும் கொத்தனார்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள், அடுக்கியதெல்லாம் காசாகும். இந்தக் கடை எழுந்ததே அந்தப் பழக்கத்தில்தான். அதையே உனக்கும் சொன்னேன். “கம்மியா வரும்போதுதாண்டா எடுக்கணும். எறங்கும்போது வுட்டுட்டு ஓடுறவன் வியாபாரியா?” நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். உனக்கு உள்ளே இஷ்டமில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அப்பன் இருபது முப்பது தை மாதம் பார்த்தவன் என்று நம்பினாய். மனைக்கு வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய் அந்தப் பங்கிலேயே போட்டாய். அது இன்னும் இறங்கியது.

உன் அம்மா அன்றைக்கே சொன்னாள். அவளுக்குப் பங்கும் தெரியாது, மார்க்கெட்டும் தெரியாது. “இன்னாயா, உன் கம்பெனி எறங்கிக்கினே போவுதாமே. கடையில ஏணி விக்கிற இல்ல, ஒண்ணு எடுத்தாந்து வச்சி ஏத்திவுடு” என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு குரல் மாறி, அது கல்யாணத்துக்கு வைத்த பணம், அதைத் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நான் அவளிடம் தை மாசத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். கடையின் மார்கழி முடியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வருஷா வருஷம் முடிகிறது. மார்க்கெட்டின் மார்கழி எப்போது முடியும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. சிமெண்ட் மூட்டையை அதிக நாள் வைத்திருந்தால் உள்ளேயே இறுகிக் கல்லாகிவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான்.

நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது பிளம்பர் ஏழுமலையால். அவன் பெரிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஒரு முழப் பைப்புக்காகக் குடோனுக்குள் போனவன் சிரித்துக்கொண்டே வந்தான். “அண்ணா, உன் நாலு இஞ்ச் பைப்பு கட்டுக்கு அடியில பூனை குட்டி போட்டுகீதுண்ணா.” சரி, போடட்டும், பால் வைக்கிறேன் என்றேன். “போன மழைக்கும் அதே கட்டுக்கு அடியிலதாண்ணா போட்டுச்சி. அதுக்கு சொந்த வூடு ஆயிடுச்சி போல” என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எழுந்து குடோனுக்குள் போய்ப் பார்த்தேன். பாங்காக்குக்காக எடுத்த லோடு அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் எடுத்த லோடுகளும் இருந்தன. மேல்கட்டுப் பைப்புகளின் எழுத்து ஜன்னல் வழியாக விழும் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவன் நான்தான்.

அந்த வாரமே, கடை கடையாகச் சரக்கு தள்ளிவிட வருகிற கம்பெனி ரெப் வந்தான். நல்ல பையன், உன் வயசுதான் இருக்கும். பைக்கை நிறுத்தும்போதே முகம் செத்திருந்தது. காலாண்டுக் கணக்கு முடிகிறது, டார்கெட் நிரம்பவில்லை, இன்னும் ஒரே ஒரு லோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றான். கையைப் பிடித்துக் குடோனுக்குக் கூட்டிப்போய் இடமே இல்லை என்று காட்டினேன். அவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“எடம் இல்லன்னா பரவால்லண்ணா. பில்லு மட்டும் போட்டுக்கறேன். சரக்கு அப்பறமா எறக்கிக்கலாம்.”

“சரக்கே வராம எப்டிபா வித்ததா ஆவும்?”

“எங்க கணக்குல உங்களுக்கு வித்தாச்சுண்ணா. நீங்க யாருக்கு விக்கிறீங்கன்றது உங்க பாடு. தாம்பரத்துலருந்து வாலாஜாபாத் வரைக்கும் எல்லாக் கடையிலயும் இதான்ணா நடக்குது.”

அவன் போன பிறகு குடோன் கதவைப் பூட்டினேன். நீ கேட்டது பைப் எங்கே போகிறது என்று. நான் காட்டியது பைப் எங்கே வருகிறது என்று. கம்பெனி வெளியிட்ட விற்பனைக் கணக்கைப் பார்த்து டிவிக்காரர்கள் புகழ்ந்தார்களே, அந்த விற்பனை நான்தான். என்னைப் போல ரோடு நெடுக உட்கார்ந்திருக்கும் சால்வை போட்ட மடையர்கள்தான். அப்பன் வாங்கி அடுக்கியதை வியாபாரம் என்று நம்பி மகன் பங்கு வாங்கியிருக்கிறான். நான் உனக்குக் கொடுத்து உதவலாம் என்றால், என் பணமும் அதே பைப்பாகத்தான் குடோனில் படுத்துக்கிடக்கிறது. அடியில் பூனை வேறு.

உன்னிடம் மறைக்கவில்லை, அதற்கு மட்டும் என்னைப் பாராட்டிக்கொள்கிறேன். சாப்பிடும்போது சொன்னேன். ஏழுமலை சொன்னது, ரெப் சொன்னது எல்லாம். நீ தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஒருவழியாக முடித்திருப்பேன். நீ தலை நிமிராமல், “உனக்குத் தெரியும்னு நெனச்சேன்பா” என்றாய். அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மன்னித்துவிடு என்றிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான்தான் எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவனாயிற்றே. “எனக்கும் அதே நெனப்புதாண்டா” என்றேன். நீ எழுந்து கை கழுவிக்கொண்டு போனாய். உன் அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே சாப்பிட்டேன்.

தவணை முடிந்தது. மனையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், அட்வான்ஸில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். திவ்யாவின் அப்பா வீட்டுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். “வாடகை வூட்ல எம்பொண்ணு இருக்க மாட்டான்னு இல்ல சம்மந்தி. நானே லைன் வூட்ல இருந்து பொழச்சவன்தான். மனை கீதுன்னு சொன்னீங்க, காட்னீங்க. இப்ப இல்லன்றீங்க. நாளைக்கு வேற இன்னா இல்லன்னு சொல்வீங்களோன்னுதான்.” கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார். முறிக்கவில்லை. எவ்வளவு நாள் தள்ளி வைப்பார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பினேன். காலையில் டூட்டிக்குப் போகிற கேட்டில் லாரிகளின் அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறவர் அவர். என்னைப் பார்க்காமல் விட்டதற்கு அவர் தன்னைத்தானே நொந்துகொண்டிருப்பார்.

சதீஷும் கடைக்கு வந்தான். அவன் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததை, அந்த லாரிப் போட்டோவை நம்பி அதே பங்கில் போட்டவன். எப்போதும் வந்தால் உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போவான். இந்த முறை வெளியே நின்றபடி ஒரு குழாய் மட்டும் கேட்டான், விலை கேட்டான், பேரம் பேசாமல் கொடுத்தான். மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டான். என் கடையில் அவன் சில்லறையை எண்ணியது அதுதான் முதல் தடவை. அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் பைக்கை எடுத்துவிட்டான்.

நீ புனே பிளாண்ட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கியது அலவன்ஸுக்காக என்று அம்மாவிடம் சொன்னாய். அவள் நம்பினாள். தினமும் கடையைத் தாண்டி பஸ்ஸில் போக வேண்டியிருந்ததே, அதற்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றியது. தப்பாக இருந்தால் சொல்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வைத்திருக்கலாம் என்பதற்கு என்னென்ன சொல்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டேன். ஒரகடம் ரோட்டில் புதிய தொழிற்சாலை வந்துகொண்டேயிருக்கிறது, ஜனங்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள், வீடு கட்டாமல் எங்கே போவார்கள், அப்போது பைப் கம்பெனி ஏறாமல் எங்கே போகும் என்கிறார்கள். நான் கடையில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. தொழிற்சாலை ஷெட்டுக்குத் தேவையான சாமான் டிரெய்லரில் நேராக காண்டிராக்டருக்குப் போகிறது. என் கடைக்கு அது கிளப்பும் தூசுதான் மிச்சம். வருகிற பிள்ளைகள் ஒரே அறையில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். காண்டிராக்ட் புதுப்பிப்பார்களா என்று தெரியாதவன் எந்த ஊரில் வீடு கட்டுவான்? கட்டக் கூடியவன் நிரந்தர வேலைக்காரன், அவன் லோன் வட்டியைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். லேஅவுட்டில் நட்ட கலர்க் கொடிகள் வெளுத்து, கிழிந்து, கம்பு மட்டும் நிற்கிறது.

அந்தக் கம்பெனி மோசமான கம்பெனி என்று சொல்ல மாட்டேன். பைப் நல்ல பைப். என் வீட்டுச் சுவரில் நம்பிப் பதிப்பேன், ஒழுகாது. பைப் நல்லதென்பதும் பங்கு நல்லதென்பதும் வேறு வேறு என்று எனக்குப் புரிவதற்கு உன் மனை செலவாகியிருக்கிறது. எங்கள் குடோன்கள் எல்லாம் காலியானால்தான் கம்பெனிக்கு உண்மையான வியாபாரம் திரும்பும். எப்போது காலியாகும்? என்னைக் கேட்காதே, நான் பூனைக்குப் பால் வைத்துக்கொண்டிருக்கிறேன். பில் மட்டும் போடும் வேலையை அவர்கள் என்றைக்கு நிறுத்துகிறார்களோ அன்றைக்குக் கணக்கில் விற்பனை இன்னும் சுருங்கித் தெரியும், விலை இன்னும் ஒரு படி இறங்கினாலும் இறங்கும். சில வருஷம் கழித்து ஏறவும் ஏறலாம். உனக்கு வயசு இருக்கிறது, உன்னால் காத்திருக்க முடியும். திவ்யா காத்திருப்பாள். அவள் அப்பா? இப்போது விற்றால் கையில் வருகிற பணத்தில் மனை வராது. ஒரு நல்ல வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் வரும், சிக்கனமாக ஒரு கல்யாணமும் வரும். “இதுதான் இருக்கு மாமா, இதுக்கு மேல இல்லை” என்று அவர் முன்னால் நீ நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல முடியும். அந்த மனிதருக்கு வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் கேட்டது மனையை இல்லை, இருப்பதை இருப்பதென்று சொல்கிற ஆளை.

இனிமேல் யாரிடமாவது எதையாவது கேட்கும்போது, அவன் கையில் அந்தச் சரக்கு இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அவன் சொல்வதைக் கேட்டுக்கொள், நம்பாதே. அப்பனாக இருந்தாலும் சரி. முடிந்தால் பைப்பை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் பதிக்கிறவனைக் கேள். கேட்காமலே சொன்ன ஏழுமலையின் பேச்சைக்கூட நான் ஜோக் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, ஒருநாள் வந்து எதையாவது கேட்கும். உனக்குள்ளே ஏதோ செய்யும், நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அந்த நிமிஷம் ஒன்றும் பேசாதே. ஒரு டீ வாங்கிக் கொடு. மறுநாள் வரச் சொல்.

நீ புனேவுக்குக் கிளம்பிய அன்றைக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு உன் பெட்டியோடு நானும் ஷேர் ஆட்டோவில் வந்தேன். வழியெல்லாம் டிரைவர்தான் நம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தார். பிளாட்பாரத்தில் சென்னைக்குப் போகிற லோக்கல் வண்டி வருவது தெரிந்த பிறகு நீ என் பக்கம் திரும்பி, “இப்பவாச்சும் சொல்லுப்பா. விக்கட்டுமா, வச்சிக்கட்டுமா?” என்றாய். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. முந்தின நாளே தெரிந்திருந்தது. நீ விற்காமல் வைத்திருக்கும்வரை நஷ்டம் போனுக்குள் ஒரு எண்ணாகத்தான் இருக்கும், ஏறினாலும் ஏறும், அப்பன் சொன்னது சரிதான் என்று ஆனாலும் ஆகும். விற்ற அன்றைக்கு அது முடிந்துபோகும். நான் சொன்னது தப்பு என்று கையெழுத்தாகிவிடும். உன் கல்யாணத்தைவிட, உன் பணத்தைவிட, அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. வண்டி வந்து நின்றது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். நீ கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். வித்துடு என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. “டிபன் டப்பாவத் திருப்பிக் கொண்டாந்துடு, உங்கம்மா கேப்பா” என்று சொன்னேன்.